கலாயோகி கண்ட கைவினைப் பள்ளி

பாடசாலை நேரசூசியிற் சித்திரத்துக்கெனச் சில பாடவேளைகள் ஒதுக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். கணக்கும் மொழியும் விஞ்ஞானமும் கற்றுக் களைத்த பிள்ளைகள் சற்றே இளைப்பாறுதற்கு அமைந்த வேளை அது என்றே நம்மிற் பலர் கருதி வருகின்றனர். மேசைமேல் ஒரு பூச்சாடி வைக்கப்படும். மாணவர் அதனைப் பார்த்து வரைவர். மணி அடித்ததும் தாள்கள் ஆசிரியரிடம் சேரும். புள்ளி இடப்பட்டபின் அத்தாள்கள் எங்குச் சென்றன என்று கேட்பார் எவரும் இலர்.

தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கும், இளமையில், ஆசிரியர் போதாமையாற் சித்திர வகுப்பை ஏற்று நடத்தவேண்டிய நிலை நேர்ந்தது. கந்தப்பளைப் பக்கத்து மலைச்சரிவொன்றில் இருந்த பாடசாலை அது. ஒருநாள் பூச்சாடி வரையும்படி பணித்தேன். ஒரு சிறுமி சாடியை ஒரு மூலையிற் சிறிதாக வரைந்துவிட்டு, தாளின் எஞ்சிய இடமெல்லாம் புள்ளியிட்டு, கை எடுக்காமல் இழுத்த ஒரே கோட்டால் ஓர் அழகிய சிக்குக் கோலத்தை நிறைத்திருந்தாள். கேட்டது சாடி, தந்தது கோலம் என்று கூறி, சுழியமிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் அவள் சித்திர வகுப்பில் தானாக எதனையும் வரைந்ததில்லை. அன்று நான் செய்தது எத்துணைப் பெரிய பிழை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து எனக்கு உணர்த்தியவை ஒரு பெரியாரின் நூல்களே. ஒரு பொருளுக்கு வடிவு கொடுத்தல், ஒரு தளத்தை அலங்கரித்தல் ஆகிய வித்தைகளை இளையோர்க்கு எங்ஙனம் பயிற்றல் வேண்டும் என்னும் வினாவை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி, அதற்குரிய விடையை நம் மலைநாட்டுப் பட்டறைகளிலே தேடிக் கண்டவர் அவர். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22-ஆம் நாள் கொழும்பு கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். லண்டன் மாநகரில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவர். பாளி மொழி நூல்களையும் ஆங்கிலமாக்கியவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. இங்கிலாந்தின் கெந்து மாவட்டத்தார். மைந்தர் பெயரின் நடுவே நிற்கும் கெந்திஷ் என்னும் சொல் அம்மாவட்டத்தை நினைவுறுத்துவது.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879-இல், தந்தையார் காலமானார். ஆனந்தர் தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். குளொஸ்டர் மாவட்டத்து விக்கிளிப் கல்லூரியிற் பயின்றார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900-இற் பட்டம் பெற்றார். ஈழத்திற் பிறந்தும் ஈழம் அறியாது, தந்தைமொழியாகிய தமிழைத் தாலாட்டிற்கூடக் கேளாது வளர்ந்த ஒருவர், கீழைநாட்டுக் கலைகளுக்குத் தம் வாழ்நாளை ஈந்தார் என்பது வியப்புக்குரியது. அந்நியமாய் வளர்ந்தமையாலேயே, நாம் நாள்தோறும் கண்டு கண்டு மரத்துப்போன பொருள்கள் அவருடைய கண்ணுக்குப் புதியனவாய்த் தோன்றின போலும்.

1902-இல் எதெல் மேரி பார்ட்ரிட்ச் என்னும் மங்கையை அவர் மணந்தார். கைவினையில் ஈடுபாடு மிக்கவர் அவ்வம்மையார். அவருடைய தம்பியார், அஷ்பீ என்பவர் நிறுவிய கைவினைக் கழகத்தில் அணிகலன் செய்பவராக இருந்தார். இத்தொடர்பு பிற்காலத்திற் பெரும்பயன் தந்தது.

கல்லைத் தேடி வந்தவர்

1903-ஆம் ஆண்டு தொடக்கம் 1906 வரை ஆனந்தர் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதலாவது அதிபராக இருந்தார். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை நோக்கி மலைமேற் சிறு இருப்புப்பாதை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தேயிலைத் தோட்டங்கள் காட்டை விழுங்கிப் பரந்துகொண்டிருந்தன. அக்காலத்தில், கையிற் சிறு சுத்தியலோடு மலையும் ஆறும் சுற்றிக் கற்களைத் தேடித் திரிந்தார் அவ்விளைஞர். கண்டிப் பக்கத்திற் கிடைத்த செரண்டிபைற்று என்னும் கனிப்பொருளை வேறொரு விஞ்ஞானியுடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904-இல் முதன்முதல் விவரித்தவரும் அவரே. அஃது ஒரு புதிய வகையென்பதைப் பின்னர் டன்ஸ்டன் என்பவர் துணிந்தார். இலங்கையின் புவிச்சரிதம் பற்றிய ஆய்வுகளுக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்லைத் தேடிச் சென்றவர் கண்டது கல்லை மாத்திரமன்று. கண்டி நாட்டுச் சிற்றூர்கள் தோறும் தங்கிச் சென்றபோது, பொற்கொல்லரும் பித்தளைக் கன்னாரும் சித்திரகாரரும் நெசவாளரும் பாய் இழைப்போரும் அரக்கு வேலை செய்வோரும் தத்தம் இல்லத்துத் திண்ணையிலேயே தொழில் நடத்தக் கண்டார். எம்பக்கைத் தேவாலயத்து மரத்தூண்களிற் செதுக்கப்பட்ட உருவங்களையும், தெகல்தொறுவ விகாரத்துச் சுவர்ச் சித்திரங்களையும் கண்டு உள்ளம் உருகினார். அவ்வழகிய பொருள்களைச் செய்தோரின் வழித்தோன்றல்கள் வறுமையுற்று, தொழிலைக் கைவிட்டு வருவதையும் கண்டார். படித்தவரென்போர் ஐரோப்பிய உடைக்கும் தட்டுமுட்டுக்கும் ஆசைப்பட்டு, சொந்த நாட்டுப் பொருளை இகழ்வதையும் கண்டார். 1905-இற் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்து, பழைய விகாரங்களும் கட்டடங்களும் சிதைவதைத் தடுக்கும்படி வேண்டினார். அதே காலத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவரானார். நாட்டுமொழிகளாகிய சிங்களமும் தமிழும் பாடசாலைகளில் உரிய இடம் பெறவேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கைகளுள் ஒன்று. தமிழே கேளாது வளர்ந்தவர் தமிழுக்காகப் பேசினார் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

பட்டறையே பள்ளி

கண்டிக் கைவினைஞரிடம் ஆனந்தர் ஆராய்ந்தவற்றுள் ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது, அவர்கள் தம் மக்களுக்கு வடிவம் வரையப் பயிற்றிய முறையேயாகும்.

பட்டறைக்குச் சேர்ந்த சிறுவன் முதலிற் பூவையும் கனியையும் பார்த்து வரைவதில்லை. அவனுக்கு முதற்பாடம் ஒரு வளைவு. வக தெக என்பது அதன் பெயர். இரண்டு வளைவு என்பது பொருள். எதிரெதிரே திரும்பும் அவ்விரட்டை வளைவைக் கைதளராமற் போடும்வரை அவன் அதனையே பழகுவான். அதன்பின் அவ்வளைவுகளை இணைத்தும் மடக்கியும் பிறக்கும் உருவங்கள் ஒவ்வொன்றாகக் கற்பிக்கப்படும். வளைவு நீண்டு கிளைவிட்டால் லியவெல என்னும் கொடியாகும். கொடியின் நுனியிற் பெண்ணுருவம் பூத்தால் அது நாரிலதை. கழுத்துகள் பின்னிய அன்னங்கள், இருதலைப் புள்ளாகிய பேருண்டம், யானையும் சிங்கமும் இணைந்த கஜசிங்கம் என இவ்வாறு பயிற்சி வளர்ந்து செல்லும். நெடுங்கணக்கைக் கற்ற பிள்ளை சொல்லும், சொல்லைக் கற்ற பிள்ளை தொடரும் எழுதுவது போன்றது இது. இங்கே அகரம் ஒரு வளைவு. அவ்வளவே வேறுபாடு.

இப்பயிற்சியின் அடிப்படை நினைவு. உருவம் கண்முன் இராது. உள்ளத்துள் இருத்தல் வேண்டும். தெய்வ உருவங்களின் அளவுப் பிரமாணங்களைக் கூறும் சாரிபுத்திரம், உருவ இலக்கணங்களைக் கூறும் ரூபாவலி ஆகிய வடமொழிச் சுலோக நூல்களைக் கைவினைஞர் பேணிவந்தனர். தலைமுதல் அடிவரை தாலக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். பாட்டை மனனஞ் செய்து பொருளுணர்ந்து பின் தாமே பாடவல்லாராகும் நம் பழைய திண்ணைப் பள்ளி மாணவரை இம்முறை நினைவுறுத்துகின்றது. மனனம் என்பது மூளைக்குச் சுமை என்று இகழ்வோர் இக்காலத்துப் பலர். கைவினைஞனுக்கோ அது சுமையன்று, கையிருப்பு. எடுத்துச் செலவிடச் செலவிடப் பெருகும் பொருள் அது.

மற்றுமோர் உண்மையையும் ஆனந்தர் கண்டார். பட்டறையிற் பயிற்சிக்கென்று தனியே ஒரு பொருள் செய்யப்படுவதில்லை. சிறுவன் வண்ணம் அரைக்கிறான். வெண்மைக்கு மக்குல் என்னும் களிமண், செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொக்கட்டு மரத்துப் பிசின் என்று ஒவ்வொன்றையும் கையால் அறிகிறான். குரு வரைந்த உருவத்துக்குள் நிறம் நிரப்புகிறான். நாளடைவில் ஓரத்துக் கொடியை வரைய அவனுக்கு இடமளிக்கப்படுகிறது. அவன் கைப்பட்ட அப்பொருள் விகாரத்துச் சுவரிலோ, ஒரு வீட்டுப் பெட்டகத்திலோ, மணப்பெண்ணின் கழுத்திலோ உண்மையாகவே பயன்படப் போகின்றது. பிழைபட்டால் குரு திருத்துவார். செம்மையானால் ஊரார் கண்டு மகிழ்வர். கடைசியிற் புத்தர் உருவத்துக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கல்யத்தை மாத்திரம் குருவே உரிய சடங்குகளோடு செய்வார். தொழிலும் வழிபாடும் கல்வியும் அங்கே மூன்றல்ல, ஒன்றே.

இத்தகைய பட்டறைகளை ஓங்கச் செய்தது கண்டி அரசு. பட்டல் ஹதர எனப்பட்ட நால்வகை அரச பட்டறைகள் இருந்தன. கைவினைஞர்க்குத் தொழிலுக்கு ஈடாக நிலமானியம் வழங்கப்பட்டது. கீர்த்திஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்தில் விகாரத் திருப்பணிகள் பெருகியமையால் இக்கலைகள் புதுவாழ்வு பெற்றன. அவ்வரசன் தென்னிந்திய நாயக்கர் மரபினன் என்பது நாம் அறிந்ததே. சிங்களக் கைவினைஞரும் நம் கம்மாளரைப் போன்றே விசுவகர்மாவைத் தம் ஆதிபுருடனாகக் கொள்பவர்கள். எனவே இக்கலைமரபில் இரு மொழியாருக்கும் உறவுண்டு. 1815-இற் கண்டி அரசு வீழ்ந்தது. பட்டறைகளைப் புரந்த கையும் வீழ்ந்தது. பின்னர் அம்மலைகளிற் கோப்பியும், 1867 முதல் தேயிலையும் வந்தன. தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாய்க் கொண்டுவரப்பட்டனர். கண்டிக் கைவினைஞனைத் தொழிலிழக்கச் செய்த அதே காலமாற்றந்தான் நம் பாட்டன் பாட்டிமாரை லயக்காம்பராவிற் குடியேற்றியது. இவ்விரு சாராரின் துயரத்துக்கும் ஊற்று ஒன்றே என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் கனக்கின்றது.

நூலும் ஒரு கைவினையே

1907-இல் இங்கிலாந்து திரும்பிய ஆனந்தர், தாம் கண்டவற்றையெல்லாம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக்கினார். அந்நூல் பிறந்த வரலாறே ஒரு கலைப்பாடம். குளொஸ்டர் மாவட்டத்துப் பிராட் காம்டன் என்னும் சிற்றூரிற் பாழடைந்திருந்த ஒரு பழைய ஆலயத்தை அஷ்பீ புதுக்கி அவருக்கு இல்லமாக்கிக் கொடுத்திருந்தார். அங்கே அச்சுப்பொறியை நிறுவி, ஏறத்தாழப் பதினைந்து மாதம் தம் மேற்பார்வையிலேயே நூலை அச்சிடுவித்தார். வில்லியம் மொரிஸ் என்னும் பேரறிஞர் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே பொறியில் 1908-இல் இந்நூல் முற்றுப்பெற்றது. வெளிவந்தவை 425 பிரதிகளே. நூலுக்கு வேண்டிய புகைப்படங்களை எடுத்துதவியவர் எதெல் அம்மையார். கையால் இயற்றப்பட்ட பொருள்களைப் பற்றிய நூல் கைவினையாகவே வெளிவருதல் வேண்டும் என்னும் உறுதி அவருக்கு இருந்தது. சொல்லும் செயலும் ஒத்தல் என்பது இதுவன்றோ!

1909-இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி ஒரு சிறு நூலும், தேசிய இலட்சியம் பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றும் வெளியிட்டார். அத்தொகுதியிற் கல்வியில் நினைவாற்றலுக்குரிய இடம் பற்றி ஒரு கட்டுரை உண்டு. இந்தியாவிலுள்ள கலைப் பள்ளிகள் ஆற்றவேண்டிய பணி பற்றி மற்றொன்று உண்டு. ஆங்கிலேயர் நிறுவிய கலைப் பள்ளிகளில் ஐரோப்பியச் சிலைகளின் சுண்ணவார்ப்புகளைப் பார்த்து வரைதலே பாடமாயிருந்த காலம் அது. அறுந்து கிடக்கும் நம் மரபின் இழைகளை எடுத்து மீண்டும் முடிச்சிடுவதே அப்பள்ளிகளின் கடமை என்று ஆனந்தர் வாதித்தார். சென்னையிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் கலைப்பள்ளி அதிபராயிருந்த ஹவெலும், அவருடைய தோழர் அவனீந்திரநாத தாகூரும் மேற்கொண்ட முயற்சிக்கு இவர் பெருந்துணையாயினார். 1910-இல் அலகபாத்தில் நிகழ்ந்த பெருங்காட்சியிற் கலைப்பகுதிப் பொறுப்பை ஏற்று நடத்தினார். தாம் தேடிச் சேர்த்த அரிய ஓவியங்களைக் கொண்டு இந்தியாவில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்க விழைந்தார். அதற்கு வேண்டிய பொருளுதவி கிடைத்திலது.

முதல் உலகப்போர் மூண்டது. அடிமைப்பட்ட நாட்டின் மைந்தன், ஆளும் அரசுக்காகப் படைக்கலம் ஏந்துதல் முறையன்று என்பது ஆனந்தரின் நிலை. 1917-இல் அவர் அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நுண்கலை நூதனசாலையின் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். நம் நாடுகள் ஏற்க இயலாதுபோன அவ்வோவியச் செல்வமும் அவரோடு அங்கேயே சென்று சேர்ந்தது. அதனை விலைக்கு வாங்கி அந்நூதனசாலைக்கு அளித்தவர் டென்மன் ரொஸ் என்னும் செல்வர்.

பொஸ்டன் நகரத்து முப்பது ஆண்டுகள்

அடுத்த முப்பது ஆண்டுகளும் பொஸ்டனே அவருடைய தவச்சாலை. இராசபுத்திர ஓவியம் பற்றிய நூலை 1916-இலேயே வெளியிட்டிருந்தார். சிவபெருமானின் திருநடனம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1912-இற் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகையில் முதலில் இடம்பெற்றது. அக்கட்டுரையின் பெயரைத் தாங்கிய நூல் 1918-இல் வெளிவந்தது. தில்லைக் கூத்தனின் திருவுருவத்தை மேனாட்டார் கலைக்கண்கொண்டு காணச் செய்ததில் அந்நூலுக்குரிய பங்கு பெரிது. 1927-இல் இந்திய இந்தோனேசியக் கலை வரலாறும், 1934-இற் கலையில் இயற்கை அடையும் மாற்றம் பற்றிய தத்துவ நூலும் வெளிவந்தன. கிரேக்கம், இலத்தீன், வடமொழி, பாளி முதலிய மொழிகளின் மூலநூல்களை ஒருங்கே வைத்து ஆராயும் பேராற்றல் அவர்பால் அமைந்திருந்தது. இல்வாழ்க்கையிற் பல மாறுதல்களை அவர் கண்டார். அவை ஈண்டு விரிக்கற்பாலன அல்ல. எதெல் அம்மையாரைப் பற்றி ஒன்று மட்டும் கூறுதல் தகும். அவர் பின்னாளில் எதெல் மெயிரெட் என்னும் பெயருடன் இங்கிலாந்தின் டிச்லிங் என்னும் ஊரில் நெசவுப் பட்டறை நடத்தி, மாணவர் பலரைப் பயிற்றி, கைநெசவையும் கல்வியையும் இணைத்து நூலும் எழுதினார்.

நூதனசாலையில் இருந்துகொண்டே நூதனசாலைகளைக் குறித்து ஐயமெழுப்பியவர் ஆனந்தர். கண்ணாடிப் பெட்டியுள் வைக்கப்பட்ட கிண்ணம் ஒருகாலத்தில் ஒருவன் நீர் அருந்திய கிண்ணம் என்பதைப் பார்ப்போர் மறந்துவிடுவர் என்று அஞ்சினார். ஏர் செய்யும் தச்சனும் சட்டி வனையும் குயவனும் தம் தொழிலை அறிந்து செம்மையாய்ச் செய்யும்போது கலைஞரே என்பது அவருடைய முடிந்த முடிபு. அழகென்பது வேலை முடிந்தபின் மேலே பூசப்படும் பூச்சன்று. பொருள் தன் பயனுக்கு முற்றும் பொருந்தி நிற்கும் நிலையே அழகு என்பது அவர் நூல்கள் பலவற்றின் சாரம்.

1947 ஆகஸ்ட் 22-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிரம்பியது. நண்பர்கள் பொஸ்டன் நகரில் விருந்தளித்தனர். இந்தியா விடுதலை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. இனித் தாம் இந்தியா சென்று இமயத்தின் பக்கத்தே அமைதியாய் வாழ எண்ணியிருப்பதாக அவ்விருந்தில் அறிவித்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. செப்டெம்பர் 9-ஆம் நாள், நீதம் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கொள்வதும் தள்ளுவதும்

பெரியாரைப் போற்றுதல் எளிது. அவர் கூறியவற்றை நம் நிலத்தில் ஊன்றிப் பார்த்தலே அரிது. ஆனந்தர் கூறியவற்றுள் இம்மலைநாட்டு ஆசிரியன் தயங்கி நிற்கும் இடங்கள் இரண்டு உள.

தந்தை தொழிலை மைந்தன் கொள்ளும் முறையை அவர் மிகவும் உயர்த்திப் பேசினார். தொழில் குலவழி வருதலாலேயே திறம் தலைமுறை தோறும் ஊறிப் பெருகுகின்றது என்பது அவர் கருத்து. பொற்கொல்லன் மகன் பொற்கொல்லனாதல் கேட்க இனிமையாகவே இருக்கின்றது. கொழுந்து பறிப்பவள் மகள் கொழுந்தே பறித்தல் வேண்டும் என்று அதே நாவாற் கூற இயலுமா? தோட்டத்துப் பிள்ளைக்குக் குலத்தொழில் என்பது விலங்காகவே இருந்து வந்துள்ளது. அவ்விலங்கை ஒடிக்கவே அவன் பாடசாலைக்கு வருகின்றான்.

எழுத்தறிவையே நாகரிகத்தின் அளவுகோலாகக் கொள்ளுதலையும் அவர் கண்டித்தார். எழுத்தறியாத மக்களிடத்தும் காவியமும் பாட்டும் நல்லொழுக்கமும் நிறைந்திருத்தல் கூடும் என்று 1940களில் எழுதினார். காமன் கூத்தின் பாட்டுகளை ஏடின்றியே இரவு முழுதும் பாடும் நம் தோட்டத்து முதியோரைக் கண்டவர் அதனை மறுக்கமாட்டார். ஆயினும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஒரே அறையும் ஓரிரு ஆசிரியருமாய்க் கிடந்து, 1970களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எழுத்து மறுக்கப்பட்டவர்க்கே எழுத்தின் அருமை தெரியும். ஆகவே எழுத்தைக் குறைத்து மதிக்கும் சொல்லை, அவர் சொல்லே ஆயினும், நாம் அப்படியே ஏற்றல் இயலாது.

இவற்றைத் தள்ளியபின் எஞ்சுவது எது? பட்டறையின் சுவரைத் தள்ளலாம். பட்டறையின் முறையைத் தள்ளலாகாது. சில வடிவங்களை முதலிற் கைக்கும் மனத்துக்கும் வசமாக்குதல். அவற்றை இணைத்துப் புதியன படைக்கப் பழக்குதல். பழகும்போதே பிறர்க்குப் பயன்படும் ஒரு பொருளைச் செய்வித்தல். ஆசிரியன் பக்கத்திலிருந்து தானும் செய்தல். இந்நான்கும் எக்குலத்துப் பிள்ளைக்கும் உரியன. நாளை அப்பிள்ளை மருத்துவராயினும், கட்டடம் வரைபவராயினும், தாய்போல் மலையேறுபவராயினும், கண்ணும் கையும் கற்ற கல்வி உடன் நிற்கும்.

இம்முறை நமக்குப் புதியதுமன்று. விடியற்காலை, மலையைப் பனி மூடியிருக்க, வேலைக்குப் புறப்படுமுன் லயத்து வாசலிற் சாணந் தெளித்துக் கோலமிடும் தாயைப் பாருங்கள். நிலமே அவளுக்குப் பலகை, விரலே தூரிகை. நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று எண்ணி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைவு வளைவாய் இழுக்கின்றாள். பார்த்துப் போட ஏடில்லை. எல்லாம் நினைவில் உள்ளது. அருகே குந்தியிருக்கும் மகள் முதலிற் புள்ளி வைக்கின்றாள். பின்னர் ஓரத்து வளைவை இடுகின்றாள். ஒரு மார்கழியில் முழு வாசலும் அவள் பொறுப்பாகின்றது. கண்டிச் சித்திரகாரன் மகன் வக தெகவிலிருந்து லியவெலவுக்கு ஏறிய படிகளும், இச்சிறுமி ஏறும் படிகளும் ஒன்றே. ஆனந்தர் கண்டிக் கிராமங்களிற் கண்ட பள்ளி, நம் இஸ்தோப்பு வாசல்கள் தோறும் நாள்தோறும் நடந்து வருகின்றது. நாம்தான் அதற்குச் சுழியமிட்டுக் கொண்டிருந்தோம்.

இப்போது என் வகுப்பிற் சித்திர வேளை வந்தால், முதலிற் பிள்ளைகள் தம் வீட்டு வாசலிற் கண்ட கோலத்தை நினைவிலிருந்து கரும்பலகையில் இடுகின்றனர். அடுத்து அதில் ஒரு வளைவை எடுத்து, அதனைத் திருப்பியும் மடக்கியும் கரையொன்று அமைக்கின்றனர். அருகே கண்டியின் கொடிக்கரையையும் வரைந்து, இரண்டையும் ஒப்பிடுகின்றனர். வாணி விழா மேடைத் திரைக்கும் பரிசளிப்பு விழா அழைப்பிதழுக்கும் அவர்கள் அமைத்த கரையே செல்கின்றது. கடையில் வாங்கிய அச்சுப்படம் செல்வதில்லை. தாம் வரைந்தது பயன்படும் என்று அறிந்த பிள்ளை அழிப்பானை எடுக்குமுன் இருமுறை எண்ணுகின்றது. சென்ற வாணி விழாவின்போது, திரையின் ஒரு மூலையிற் கோடு சற்றே சாய்ந்துவிட்டதென்று, சொல்வாரின்றியே ஒரு மாணவன் முழுவதையும் அவிழ்த்து மீண்டும் வரைந்தான்.

அன்று நான் சுழியமிட்ட அச்சிறுமி இப்போது எங்கோ ஒரு வாசலிற் கோலமிட்டுக் கொண்டிருப்பாள். அவள் மகளும் அருகே குந்தியிருப்பாள். அம்மகள் என்றேனும் என் வகுப்புக்கு வருவாளாயின், பூச்சாடியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, சுண்ணக்கட்டியை அவள் கையிற் கொடுப்பேன்.